தளர்ந்த றோட்டர்: நட்டை இறுக்கினால் மட்டும் போதுமா?

கிராமத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. மீன் வியாபாரிக்கும், பால் சேகரிப்பவருக்கும், குடும்பநல மருத்துவ மாதுவுக்கும், தூரத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் அது பிழைப்பின் ஒரு பகுதி. வண்டி நின்றால் வருமானமும் நிற்கும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. ஆகவே பத்து, இருபது, முப்பது வருடப் பழைய வண்டிகளே இன்றும் எமது வீதிகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சரியாகத் திருத்தத் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்கின்றோம். கிராங் தண்டின் முனையில் இருக்கும் றோட்டர் (எமது பகுதி மெக்கானிக்மார் இதை ‘மக்னற்’ என்றே சொல்வார்கள்) தளர்ந்துபோவது அது. சிறிய பழுதுதான். ஆனால் தவறாக இனங்கண்டால் முழு எஞ்சினையும் பிரிக்க வைக்கும். தவறாகத் திருத்தினால் கிராங்கையே அழித்துவிடும். இவ்விரு தவறுகளுக்கும் அருகில் நாமே சென்று வந்தோம். அதனையும் மறைக்காமல் சொல்கின்றோம்.

எம்மிடம் வந்த வண்டி

வங்காலையில் அதிகாலையில் மீன் எடுத்து, முருங்கன் பக்கத்துக் கிராமங்களில் விற்றுவரும் ஒருவர் எமது பயிற்சிப் பட்டறைக்குத் தமது 90 சீசீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“மாஸ்ரர், எஞ்சினுக்குள்ள ‘டக், டக்’ எண்டு அடிக்குது. கனெக்டிங் ரொட் போட்டுதாம். எஞ்சின் முழுக்கப் பிரிக்க வேணுமாம். அறுபதினாயிரம் வரும் எண்டு ஒரு கராஜில சொன்னாங்கள். மனிசியின்ர சங்கிலியை அடகு வைக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா உங்களிட்டக் காட்டுவம் எண்டு வந்தன்.”

நாமும் முதலில் சத்தத்தைக் கேட்டுவிட்டு ‘கனெக்டிங் ரொட்தான்’ என்றே எண்ணினோம். பயிலுநர் ஒருவர்தான், “சத்தம் வரும்போது முன் லைற்றும் சேர்ந்து மினுங்குது” என்று கவனித்துச் சொன்னார். கனெக்டிங் ரொட் தேய்ந்தால் லைற் ஏன் மினுங்க வேண்டும்? அந்தக் கேள்வியே எம்மைச் சரியான இடத்துக்குக் கொண்டுசென்றது. இடதுபக்க மூடியைக் கழற்றினோம். றோட்டரின் நட் தளர்ந்திருந்தது.

எமக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெரிய ஸ்பானரால் நட்டை இறுக்கி, மூடியைப் பூட்டினோம். சத்தம் நின்றது. “அண்ணை, ஒண்டுமில்லை, நட்தான் இளகினது. கொண்டுபோங்கோ” என்று அனுப்பினோம்.

பதினொரு நாட்கள் கழித்து, விடியற்காலையில் பெட்டி நிறைய மீனுடன் நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. அன்றைய மீன் வெயிலில் பழுதாகிப்போனது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது றோட்டருக்கும் தண்டுக்கும் இடையிலிருந்த கீ வெட்டுண்டு போயிருந்தது. தண்டின் மேற்பரப்பும் கீறுண்டிருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை நாம் செய்யவில்லை. அந்த வேலை என்ன என்பதே இந்தப் பாடம்.

றோட்டர் எங்கே இருக்கிறது?

எஞ்சினின் பிஸ்டன் மேலும் கீழும் அசையும்போது கிராங் தண்டு சுழல்கிறது. தண்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. பெரும்பாலான சிறிய வண்டிகளில் வலது முனையிலிருந்து பற்சக்கரங்கள் மூலம் சுழற்சி கிளச்சுக்கும் கியர்களுக்கும் செல்கிறது. இதனையே ‘பிரைமறி டிரைவ்’ என்பார்கள். இடது முனையில் காந்தங்கள் பொருத்திய றோட்டர் சுழல்கிறது. அதனுள் கம்பிச் சுருள்கள் கொண்ட தட்டு அசையாமல் நிற்கிறது. காந்தம் சுருள்களைச் சுற்றிவரும்போது மின்சாரம் பிறக்கிறது. லைற்றுக்கும், பற்றரிக்கும், பல வண்டிகளில் பிளக்கின் தீப்பொறிக்கும் மின்சாரம் இங்கிருந்துதான் வருகிறது.

பழைய பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும், சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட புல்லட்டின் பழைய வகைகளிலும் அமைப்பு வேறு. அங்கே பிரைமறி டிரைவ் ஒரு சங்கிலி. சங்கிலியும், கிளச்சும், றோட்டரும் ஒரே மூடிக்குள், ஒயிலில் இருக்கும். அவ்வகை வண்டிகளில் றோட்டரின் சத்தத்தைச் சங்கிலியின் சத்தம் என்று எண்ணி, சங்கிலியை மாற்றிச் செலவழித்தவர்களும் உண்டு.

றோட்டரைப் பிடித்திருப்பது எது?

பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். ‘கீ பிடிக்கிறது’ என்பார்கள் சிலர். ‘நட் பிடிக்கிறது’ என்பார்கள் சிலர். உண்மையில் சிறிய வண்டிகளில் றோட்டரைப் பிடித்திருப்பது கூம்பு.

தண்டின் முனை நேரான உருளையாக இல்லாமல், நுனியை நோக்கி மெல்ல ஒடுங்கிச் செல்கிறது. றோட்டரின் நடுத்துளையும் அதே சாய்வில் ஒடுங்கியிருக்கிறது. நட்டை இறுக்கும்போது றோட்டர் கூம்பின்மேல் ஏறி இறுகிக்கொள்கிறது. மண்வெட்டிக் காம்பில் ஆப்பு அடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஆப்பு முழுப் பரப்பிலும் அழுத்துவதால்தான் காம்பு பிடிக்கிறது. இங்கும் அப்படியே. இரண்டு கூம்புகளும் முழுப் பரப்பிலும் ஒன்றையொன்று தொட வேண்டும்.

அப்படியானால் அரைநிலா வடிவமான அந்தச் சிறிய கீ எதற்கு? றோட்டரைச் சரியான இடத்தில் அமர்த்துவதற்கு மட்டும். றோட்டரில் உள்ள ‘ரி’, ‘எவ்’ அடையாளங்கள் பிஸ்டனின் நிலையைச் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் றோட்டர் தண்டில் ஒரே ஒரு நிலையில்தான் நிற்க வேண்டும். கீ அதற்கு வழிகாட்டி. பாரம் தாங்குவது அதன் வேலையல்ல. பாரம் கீயின்மேல் வந்தால் அது வெட்டுண்டு போகும்.

எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள். நாலு ஸ்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீப்பற்றுகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் 2000 தடவை. ஒரு மணித்தியாலத்தில் 1,20,000 தடவை. ஒவ்வொரு தடவையும் தண்டு திடீரென வேகமெடுக்கிறது; அடுத்த அமுக்கத்தில் மெதுவாகிறது. பாரமான றோட்டரோ ஒரே வேகத்தில் சுழலவே முயல்கிறது. எனவே தண்டு றோட்டரை முன்னும் பின்னுமாக முறுக்கிக்கொண்டே இருக்கிறது. கூம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இந்த முறுக்கல் அதனைப் பெரிதாக்கிவிடும்.

நாம் நட்டை மட்டும் இறுக்கியபோது நடந்தது இதுதான். ஏற்கெனவே துரு ஏறித் தேய்ந்திருந்த கூம்பு சில புள்ளிகளில் மட்டுமே தொட்டது. சத்தம் நின்றது, பிடிப்பு வரவில்லை. பதினொரு நாட்களும் பாரத்தைத் தாங்கியது கீ மட்டுமே.

பழுதை இனங்காண்பது எப்படி?

1. சத்தம்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒழுங்கில்லாத ‘டக், டக்’ சத்தம் கேட்கும். ஒரே வேகத்தில் சற்று விரைவாக ஓடவிட்டால் பெரும்பாலும் குறையும். பெற்றோலைத் திடீரெனக் குறைக்கும்போது மீண்டும் அடிக்கும். கனெக்டிங் ரொட்டின் சத்தமோ பாரம் ஏற்றி இழுக்கும்போதும் வேகம் கூடும்போதும் பலமாகும். நீண்ட ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். சத்தம் இடது மூடிப் பக்கம் பலமாக இருந்தால் றோட்டரைச் சந்தேகியுங்கள்.

2. மின்சாரம்: லைற் மினுங்குதல், பற்றரி சரியாக ஏறாமை.

3. தீப்பொறி நேரம்: தீப்பொறிக்கான சமிக்ஞையை றோட்டரே கொடுக்கும் வண்டிகளில், கீ வெட்டுண்டு றோட்டர் நகர்ந்தால் எஞ்சின் ஸ்ராட் ஆகாது, உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்கும், சைலன்சரில் வெடிக்கும். அப்பொழுது றோட்டரில் உள்ள அடையாளங்களும் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

4. செந்தூள்: மூடியைக் கழற்றியதும் றோட்டரின் நடுப்பகுதியைச் சுற்றிச் செங்கல் தூள் போன்ற துரு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இரும்புப் பரப்புகள் மிகச் சிறிதாக உரசிக்கொள்ளும்போது இந்தத் தூள் உண்டாகும். அது இருந்தால் நட் இறுக்கமாக இருந்தாலும் கூம்பு அசைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

5. கோட்டுச் சோதனை: எல்லாவற்றிலும் நம்பகமானது இதுவே. தண்டின் நுனி, றோட்டரின் நடுக்குடம், வெளி வளையம் ஆகிய மூன்றுக்கும் குறுக்காக வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு நேர்கோடு இடுங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டாம். றோட்டரைக் கையால் இறுகப் பிடித்து, பிஸ்டன் அமுக்கத்தில் தடைபடும் இடத்தில் முன்னும் பின்னும் சட்டென்று அசையுங்கள்.

தண்டுக்கும் குடத்துக்கும் இடையில் கோடு முறிந்தால் கூம்பு தளர்ந்திருக்கிறது. குடத்துக்கும் வளையத்துக்கும் இடையில் முறிந்தால் இரண்டையும் இணைக்கும் றிவெற்றுகள் தளர்ந்திருக்கின்றன. கோடு முறியாமலே சத்தம் வந்தால் காந்தங்களில் ஒன்று கழன்றிருக்கலாம், அல்லது பழுது வேறிடத்தில் இருக்கலாம். மூன்று தளர்வுகளுக்கும் மூன்று வேறு வைத்தியம்.

கழற்றும் முறை

பற்றரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். மூடிக்குள் ஒயில் இருக்கும் வண்டியானால் முதலில் அதனைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்தெடுங்கள். கழிவொயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.

றோட்டர் சுழலாமல் பிடிப்பதற்கு, பழைய வாகன இருக்கைப் பட்டியை வளையத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு கட்டையில் முறுக்கிப் பிடிக்கலாம். ஸ்குறூ டிறைவரைச் சுருளுக்குள்ளோ ஓட்டைக்குள்ளோ செருகிப் பிடிக்கக் கூடாது.

நட்டைக் கழற்றியபின் றோட்டரை எடுப்பதற்கு அந்த வண்டிக்குரிய புல்லர் தேவை. அது குடத்தில் உள்ள மரையில் பூட்டி, நடு போல்ட்டால் தண்டைத் தள்ளும். சில வண்டிகளில் இந்த மரை இடது மரை; பூட்டுவதற்கு முன் பாருங்கள். கடையில் கிடைக்காவிட்டால், லேத் பட்டறையில் மரையின் அளவைக் காட்டிச் செய்விக்கலாம். ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தாலே போதும்.

இங்கே மூன்று ‘வேண்டாம்’ உண்டு. வளையத்தைக் கொழுவி இழுக்கும் இரண்டுகால் புல்லரைப் பயன்படுத்த வேண்டாம், வளையம் கோணும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்க வேண்டாம், மரை நசியும். அதைவிட, சிறிய வண்டிகளின் கிராங் பல துண்டுகளை அழுத்திப் பொருத்திச் செய்தது. அடித்தால் அதன் நேர் குலையும். றோட்டரை நிலத்தில் போட வேண்டாம், காந்தம் வெடிக்கும்.

எடுத்த றோட்டரைச் சுத்தமான கடதாசியில் வையுங்கள். காந்தம் இரும்புத் தூளையும், சிறிய திருகாணிகளையும், வோஷர்களையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கவனிக்காமல் பூட்டினால் அந்தத் திருகாணியே சுருளைக் கிழித்துவிடும்.

பரிசோதித்துத் தீர்மானித்தல்

தண்டின் கூம்பையும், றோட்டரின் துளையையும், கீயையும், கீ இருக்கும் பள்ளங்களையும் பெற்றோலால் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பெற்றோல் கையாளும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

அ. கூம்பு பளபளப்பாக, கீறல் இல்லாமல் இருந்தால்: நல்ல காலம். புதிய கீ, புதிய ஸ்பிறிங் வோஷர் போட்டு, உலர்ந்த கூம்பில் பூட்டினால் போதும்.

ஆ. துருவும் மெல்லிய கீறல்களும் இருந்தால்: இரண்டு கூம்புகளையும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தலாம். எமது மீன் வியாபாரியின் வண்டி இந்த நிலையில்தான் இருந்தது. முறையைக் கீழே தருகின்றோம்.

இ. றோட்டரின் கீப் பள்ளம் அகன்றிருந்தால்: றோட்டரை மாற்ற வேண்டும். நல்ல பழைய றோட்டர் ஒன்று கிடைத்தால் அதனையும் இதே முறையில் அரைத்துப் பொருத்தலாம்.

ஈ. தண்டின் பள்ளம் அகன்றிருந்தால்: அகலம் கூடிய அடிப்பகுதி கொண்ட படிக் கீ ஒன்றை நல்ல லேத் பட்டறையில் செய்விக்கலாம். கூம்பு ஆழமாகக் கிழிந்திருந்தால் கிராங்கை மாற்றுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை. அதனை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

உ. றிவெற்றுகள் தளர்ந்திருந்தால்: றோட்டரை மாற்றுவதே நல்லது. வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் காந்தத்தின் பலம் குறையும், வளையமும் கோணும்.

எமது பகுதிகளில் வேறு சில ‘வைத்தியங்களும்’ வழக்கத்தில் உள்ளன. பால்மா ரின்னின் தகரத்தை வெட்டிக் கூம்பைச் சுற்றி வைப்பார்கள். சென்ரர் பஞ்சால் தண்டில் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். பசை பூசுவார்கள். றோட்டரைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. இவை யாவும் கூம்பின் முழுத் தொடுகையைக் கெடுப்பவை. பசை சில வாரங்கள் சத்தத்தை மறைக்கும். வெல்டிங் வைத்தால் அடுத்தமுறை ஒயில் சீல் மாற்றுவதற்கும் கிராங்கை வெட்ட வேண்டிவரும்.

கூம்பை அரைத்துப் பொருத்தும் முறை

1. சுருள் தட்டைக் கழற்றி அகற்றுங்கள். அது இருந்தால் காந்தம் இழுத்து அரைப்பைக் கோணலாக்கும். ஒயில் சீலைச் சுற்றி கிறீஸ் பூசிய துணியைச் சுற்றி மூடுங்கள். கீயை எடுத்துவிடுங்கள்.

2. வால்வு அரைக்கும் பசையில் மென்மையான வகையை எடுத்து, தண்டின் கூம்பில் மூன்று நான்கு இடங்களில் சிறு பொட்டாக வையுங்கள். கூடுதலாக வேண்டாம்.

3. றோட்டரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டு, கால் சுற்று அப்படியும் இப்படியுமாகத் திருப்புங்கள். ஏழெட்டுத் தடவைக்குப் பின் தூக்கி, வேறு நிலையில் வைத்து மீண்டும் செய்யுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டம் குலையும்.

4. துடைத்துப் பாருங்கள். கூம்பு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக மங்கியிருக்க வேண்டும். பளபளப்பான தீவுகள் இருந்தால் அவை பள்ளங்கள். சில சிறு பள்ளங்கள் எஞ்சியிருந்தாலும் பரவாயில்லை. தொடும் பரப்பு முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. இதனைச் சோதிக்க, தண்டில் பென்சிலால் நீளக் கோடுகள் கீறி, றோட்டரை அழுத்திச் சிறிது திருப்பி எடுங்கள். கோடுகள் எங்கும் அழிந்திருக்க வேண்டும்.

5. பசை ஒரு துகளும் இல்லாமல் கழுவுங்கள். கீப் பள்ளத்தின் மூலைகளைக் குச்சியும் துணியும் கொண்டு துடையுங்கள். வெள்ளைத் துணியால் துடைக்கும்போது சாம்பல் நிறம் ஏறாதவரை கழுவல் முடியவில்லை. மிஞ்சும் பசை சீலையும் பெயரிங்கையும் தின்றுவிடும்.

6. அரைத்தபின் றோட்டர் முன்பைவிடச் சற்று உள்ளே செல்லும். ஆகவே இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, றோட்டர் சுருள் தட்டில் எங்கும் உரசக் கூடாது. மற்றது, வோஷர் அழுத்துவது குடத்தின் முகத்தையா, அல்லது தண்டின் படியையா? தண்டின் படியில் வோஷர் முட்டினால் நட் எவ்வளவு இறுகினாலும் கூம்பு இறுகாது.

பூட்டும் முறை

புதிய கீ தண்டின் பள்ளத்தில் இறுக்கமாக அமர வேண்டும். பின்னர் ஒரு சிறிய சோதனை: கீ இல்லாமல் றோட்டரைத் தள்ளி, அது எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கீயுடன் மீண்டும் தள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கீயுடன் குறைவாக ஏறினால் கீயின் முதுகு றோட்டரைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது பொருள். அப்படிப் பூட்டினால் எத்தனை தரம் பூட்டினாலும் தளரும்.

கூம்பில் ஒயிலோ கிறீஸோ பூச வேண்டாம், உலர்ந்திருக்க வேண்டும். புதிய ஸ்பிறிங் வோஷர் போட்டு நட்டைப் பூட்டுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? வண்டியின் கைநூலில் அளவு தரப்பட்டிருக்கும். மாதிரிக்கு மாதிரி வேறுபடும். இறுக்கத்தை அளக்கும் டோர்க் ஸ்பானர் இல்லாவிட்டால் என்ன செய்வது? அன்று எமது பட்டறையிலும் அது பழுதாயிருந்தது. மீன் வியாபாரியின் பெட்டியில் கொழுவித் தூக்கும் வில்தராசு இருந்தது. அதனையே பயன்படுத்தினோம்.

கைநூல் 4 கிலோகிராம்-மீற்றர் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நட்டின் நடுவிலிருந்து 40 சென்ரிமீற்றர் தூரத்தில் ஸ்பானரில் ஓர் அடையாளம் இடுங்கள். அங்கே தராசின் கொக்கியைக் கொழுவி, ஸ்பானருக்குச் செங்குத்தாக, மெதுவாக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டும்போது நிறுத்துங்கள். 10 கிலோவை 0.4 மீற்றரால் பெருக்கினால் 4. ஸ்பானர் 50 சென்ரிமீற்றர் நீளமானால் 8 கிலோ போதும். குழாயைக் கொழுவி முழுப் பலத்தோடு இறுக்கினால் மரை நீண்டு பழுதாகும். நாம் முதல்முறை செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

இறுதியாக, நட்டுக்கும் றோட்டருக்கும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு இடுங்கள். ஒரு நாள் ஓடியபின் மூடியைத் திறந்து, கோடு முறியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமும் உப்பும் உள்ளே போகாதபடி மூடியின் கஸ்கற்றை மாற்றுங்கள். எமது வியாபாரியின் வண்டியில் முன்பு யாரோ கஸ்கற் இல்லாமலே மூடியைப் பூட்டியிருந்தார்கள். கடற்கரைக் காற்றும் உப்பு நீரும் கூம்பில் துரு ஏற்றியது அந்த வழியால்தான்.

சங்கிலி வகை வண்டிகளுக்கு ஒரு குறிப்பு

முன்னர் சொன்ன பழைய பிரித்தானிய வகை இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் றோட்டர் அமரும் தண்டு கூம்பு அல்ல, நேரானது. அங்கே நட், றோட்டரைத் தண்டின் தோளோடு சேர்த்து நெருக்கியே பிடிக்கிறது. துளை அகன்றுவிட்டால் அரைத்துச் சரிசெய்ய முடியாது. றோட்டரை மாற்ற வேண்டும். சுருள் வளையம் றோட்டருக்கு வெளியே இருக்கும். பூட்டியபின் இரண்டுக்கும் இடையில் சுற்றிவர 0.2 மில்லிமீற்றர் இடைவெளியாவது இருக்கிறதா என்று அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். தண்டை மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு நிலையிலும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் சுருள் வளையம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் மாறி மாறிக் குறைந்தால் தண்டோ பெயரிங்கோ பழுது.

முடிவாக

இரண்டாம் தடவை செய்த வேலைக்கு நாம் அந்த வியாபாரியிடம் பணம் வாங்கவில்லை. ஒரு கீ, ஒரு வோஷர், ஒரு கஸ்கற், சிறிது பசை, அரைநாள் வேலை. பழுதான மீனுக்கும் எம்மாலான ஒரு தொகையைக் கொடுத்தோம். “மாஸ்ரர், பிழையை ஒத்துக்கொண்டதே காணும்” என்று அவர் வாங்க மறுத்தார், வற்புறுத்தியே கொடுத்தோம். பதினான்கு மாதங்களாக அவரது வண்டி ஓடுகிறது. பட்டறையைக் கடக்கும்போது இடையிடையே நிறுத்தி, “தம்பி, கோட்டை ஒருக்காப் பாருங்கோ” என்பார். கோடு இன்னும் நேராகவே இருக்கிறது. அடகுக்குப் போகவிருந்த சங்கிலியும் வீட்டிலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து எமது பட்டறையில் ஒரு விதி உண்டு. தளர்ந்த எந்த நட்டைக் கண்டாலும், ‘இது ஏன் தளர்ந்தது?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் அதனை இறுக்குவதில்லை.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் வண்டி பழுதானதால் வருமானம் இழந்த குடும்பங்கள் எவை? அவற்றில் எத்தனை பழுதுகள் சிறியவையாக இருந்து பெரியவையாக வளர்ந்தன?

2. புல்லர், டோர்க் ஸ்பானர், அளவுத் தகடு போன்ற கருவிகளைத் தனித்தனியே வாங்க முடியாது. உங்கள் சங்கம் அவற்றைப் பொதுவில் வாங்கி, பதிவேடு வைத்து, உள்ளூர் மெக்கானிக்மாருக்கு இரவல் கொடுக்க முடியுமா? யார் பொறுப்பாக இருப்பார்?

3. பழைய றோட்டர் ஒன்றையும் பழைய கிராங் ஒன்றையும் எடுத்து, கூம்பில் பென்சில் கோடு கீறிச் சோதிக்கும் முறையை இளைஞர்களுக்குச் செய்து காட்டுங்கள். கீயுடனும் கீ இல்லாமலும் றோட்டர் ஏறும் தூரத்தை அவர்களே அளக்கட்டும்.